வால் போகும் பக்கம்

நல்ல வினாடி வினாவுக்கு முதலில் வேண்டியது நல்ல மைக். கேள்வியெல்லாம் அதற்கு அப்புறம்தான். இதைச் சொன்னால் பலர் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். மாதக்கணக்கில் உட்கார்ந்து கேள்வி சேர்ப்பார்கள். கடைசியில் கொரகொரவென்று இழுக்கும் ஒரு மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு தொண்டை கிழியக் கத்துவார்கள். காதில் விழாத கேள்விக்கு எவன் பதில் சொல்வான்?

விபத்தைப் பற்றிச் சொல்லுங்கள் என்றுதான் நீங்கள் கேட்டீர்கள். அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன், ஐயா. ஐந்து பேர் செத்துப்போன விஷயம். அதில் ஒருவன் என் மனைவியின் தம்பி. அவசரப்பட்டு நடுவில் ஆரம்பித்தால் உங்களுக்கும் புரியாது, எனக்கும் நியாயம் கிடைக்காது.

நான் அந்த மீன் குளிர்கிடங்கில் பாதுகாப்பு அலுவலர். அதற்கு முன் டைம் ஆபீஸில் இருந்தேன். யார் எப்போது வந்தார், யார் எப்போது நழுவினார் என்று பார்க்கிற வேலை. பழைய பாதுகாப்பு அலுவலர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். அந்த நாற்காலியைக் காலியாக வைக்கச் சட்டம் இடம் தராது என்பதால் மேலாளர் சுற்றும் முற்றும் பார்த்தார். "உங்களுக்குக் குரல் நல்லா இருக்கு, நீங்களே பாத்துக்குங்க" என்றார். பயிற்சிக்கும் அனுப்பினார்கள். போனேன். மதியச் சாப்பாடு அருமையாக இருந்தது. சாப்பிட்ட கையோடு விளக்கை அணைத்துவிட்டுப் படம் காட்டினார்கள். உண்ட மயக்கத்தில் இருட்டும் சேர்ந்தால் யாருக்குத்தான் கண் சொருகாது?

கிடங்கில் மீனை உறைய வைக்கிற குளிர் முழுக்க அம்மோனியா வாயுவால் வருவது. குழாய்க்குள் இருக்கும்வரை அது பரம சாது. வெளியே வந்தால் கண்ணைத் திறக்க முடியாது, தொண்டை வெந்துபோகும், அதிகம் இழுத்தால் நுரையீரல் அவ்வளவுதான். அதனால் வருடா வருடம் பாதுகாப்பு வாரம் என்று ஒன்று உண்டு. எனக்கு முந்தியவர் அதில் சொற்பொழிவு ஆற்றுவார். ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு தூங்குவார்கள். சாவைப் பற்றி ஒரு மணி நேரம் பேசியும் ஒருத்தனைக்கூடப் பயமுறுத்த முடியாத மனிதர் அவர்.

நான் வந்ததும் அதை வினாடி வினாவாக மாற்றினேன். பிரிவுக்கு ஓர் அணி. மேசைக்கு ஒரு மணி, ஆபீஸில் பியூனைக் கூப்பிடத் தட்டுவோமே, அந்த மணி. முதல் சுற்று பொது அறிவு. இரண்டாவது சுற்றில் படம் காட்டுவேன்: மேலாளரின் செருப்பு, கேன்டீன் பூனையின் வால், டைம் ஆபீஸ் கடிகாரத்தின் விரிசல். யாருடையது, எங்கே இருக்கிறது என்று சொல்ல வேண்டும். சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். அப்புறம் மின்னல் சுற்று. இதற்கு நடுவே, குழந்தைக்குச் சர்க்கரையில் மாத்திரையை வைத்துக் கொடுக்கிற மாதிரி, பாதுகாப்புக் கேள்விகளைச் செருகுவேன். ஆட்கள் குடும்பத்தோடு வர ஆரம்பித்தார்கள். பெயரே மறந்துபோய் எல்லோருக்கும் நான் 'கேள்வி சார்' ஆகிவிட்டேன்.

கேள்விகளை முதலில் வீட்டில்தான் சோதித்துப் பார்ப்பேன். மனைவி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பாள். கேட்பேன். "எனக்கென்னங்க தெரியும்? உங்களுக்குத் தெரியாதது ஒண்ணு உண்டா?" என்பாள். அவள் தம்பி, என் மச்சினன், கூடத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருப்பான். தாய் இல்லாமல் அக்காவின் இடுப்பிலேயே வளர்ந்தவன். கிடங்கில் லாரிக்கு மீன்பெட்டி ஏற்றும் பிரிவில் நான்தான் வேலை வாங்கிக் கொடுத்தேன். பலசாலி. கள்ளம் கபடம் கிடையாது. "மாமா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்பது அவன் வாயில் அடிக்கடி வரும் வாக்கியம். அப்படிப்பட்ட ஒருவன் வீட்டில் இருப்பது எவ்வளவு இதமாக இருக்கும் என்று இல்லாதவர்களுக்குத் தெரியாது.

இனி அந்தக் கேள்விக்கு வருகிறேன்.

எங்கள் கிடங்கின் கூரையில் ஒரு கம்பம் இருக்கிறது. அதில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு துணிப்பை கட்டியிருக்கும். சட்டைக் கை மாதிரி ஒரு பக்கம் அகலமான வாய், மறுபக்கம் ஒடுங்கிய வால். காற்றடித்தால் உப்பிக்கொண்டு ஆடும். மீன் கம்பெனி ஆட்கள் அல்லவா, அதற்குத் துணிமீன் என்று பெயர் வைத்திருந்தார்கள். வாயு கசிந்தால் அதைப் பார்த்துவிட்டு எந்தப் பக்கம் ஓடுவது என்று முடிவு செய்ய வேண்டும்.

இந்த முறை இறுதிச் சுற்றில் இரண்டு அணிகள் சமமாக நின்றன. ஒன்று என் மச்சினனின் அணி. இன்னொன்று மராமத்துப் பிரிவு, அதற்குத் தலைவி அங்கே புதிதாகச் சேர்ந்திருந்த இன்ஜினியர் அம்மா. இளம் வயது. பெரிய படிப்பு. பேசும்போது கண்ணைப் பார்த்துப் பேசுவார், எனக்கு அது அவ்வளவாகப் பிடிப்பதில்லை. கடைசியாக ஒரே ஒரு கேள்வி. துணிமீனின் வாய்ப் பக்கம் ஓட வேண்டுமா, வால் பக்கம் ஓட வேண்டுமா?

வால் பக்கம் என்பது என் விடை. கூரான முனைதானே எங்கேயும் வழி காட்டும்? அம்புக்குறி அப்படித்தான், கைகாட்டி அப்படித்தான். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

மச்சினன் மணியைத் தட்டினான். "வால் பக்கம், மாமா" என்றான். சபை சிரித்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டு "சார்" என்றான். அவனுக்கு விடை தெரியாது; என் முகத்தைப் பார்த்துச் சொன்னதாகப் பிற்பாடு ஒப்புக்கொண்டான். எப்படிச் சொன்னால் என்ன, விடை விடைதான். நான் மதிப்பெண் கொடுத்தேன். அந்த உற்சாகத்தில் எனக்கு ஒரு வரி வாயில் வந்தது. மைக்கில் சொன்னேன்: "வால் போகும் பக்கம் கால் போகட்டும்." கூரை பிய்த்துக்கொண்டு போகும் அளவுக்குக் கைதட்டல். பிள்ளைகள் உடனே அதைப் பாட்டாகவே ஆக்கிவிட்டார்கள்.

இன்ஜினியர் அம்மா எழுந்து நின்றார்.

"சார், மாத்திச் சொல்றீங்க. காத்து வாய் வழியா உள்ள போய் வால் பக்கமாத்தான் வெளிய போகுது. கேஸும் காத்தோடதானே போகும்? வால் பக்கம் ஓடினா அது நம்ம பின்னாலயே வரும்."

வினாடி வினாவில் நடுவர் தீர்ப்பே இறுதியானது. இது நான் கண்டுபிடித்த விதி இல்லை, உலகம் முழுக்க உள்ளதுதான். இல்லாவிட்டால் தோற்றவன் எல்லாம் எழுந்து நின்று சபை சந்தைக்கடையாகிவிடும். தோற்ற அணியின் தலைவி எழுந்து நிற்கிறார் என்பதையும் நீங்கள் கவனிக்க வேண்டும். நான் கோபப்படவில்லை. மைக்கை வாயருகே கொண்டுபோய், "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று மட்டும் சொன்னேன். சபை விழுந்து விழுந்து சிரித்தது. மேலாளரும், "விடுங்க மேடம், அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றார். அந்த அம்மா உட்கார்ந்துவிட்டார். பரிசுக் கேடயம் மச்சினன் கைக்குப் போனது. என் மனைவி முதல் வரிசையில் இருந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நிகழ்ச்சி முடிந்து டீ குடிக்க வெளியே வந்தேன். கேன்டீன் புகைபோக்கியில் புகை போய்க்கொண்டிருந்தது. தற்செயலாகத்தான் நிமிர்ந்து பார்த்தேன். புகையும் துணிமீனின் வாலும் ஒரே பக்கம், புருஷனும் பெண்சாதியும் கடைக்குப் போகிற மாதிரி, சேர்ந்தே போய்க்கொண்டிருந்தன. புகை போகிற பக்கம்தான் வாயுவும் போகும். எனக்குப் புரிய அதிக நேரம் பிடிக்கவில்லை. டீ ஆறிவிட்டது, அதை ஊற்றிவிட்டு வேறு வாங்கிக்கொண்டேன்.

ஆக, இன்ஜினியர் அம்மா என் அறைக்கு வந்தபோது, அவர் சொல்ல வந்தது எனக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. இதை நீங்கள் தெளிவாக எழுதிக்கொள்ள வேண்டும். அவர் சொல்லித்தான் தெரிந்தது என்று ஆகிவிடக் கூடாது.

"மைக்ல வேணாம் சார்" என்றார். "நோட்டீஸ் போர்டுல சின்னதா ஒரு வரி போட்டா போதும். நான் சொன்னேன்னுகூடப் போட வேணாம். கேடயமும் அவங்ககிட்டயே இருக்கட்டும்."

"மேடம், பிடிச்ச முயலுக்கு மூணே கால்னு நிக்கக் கூடாது" என்றேன்.

"ஆளுங்க உயிர் சார்."

"அதனாலதான் சொல்றேன். ஒரு தடவை மனசுல பதிஞ்சதை மாத்தினா குழம்பிடுவாங்க."

 அவர் போய்விட்டார். அவர் போன பிறகு நான் சும்மா இருந்துவிடவில்லை, நிதானமாக யோசித்தேன். திருத்துகிறேன் என்றே வைத்துக்கொள்வோம். மச்சினன் அந்தக் கேடயத்தைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு தெருவில் வீடு வீடாகக் காட்டியிருந்தான். அவன் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பான்? மேலாளர் அந்த வரியைக் கிடங்குச் சுவரில் பெரிய நீல எழுத்தில் எழுதச் சொல்லிவிட்டார், கீழே என் பதவியோடு. பெயின்டர் ஏணியைச் சாத்தியாகிவிட்டது. இனிமேல் நான் போய்த் தப்பு என்றால், முந்தைய வருடங்களில் நான் கொடுத்த விடைகளையும் ஒவ்வொருவனாகத் தோண்ட ஆரம்பிப்பான். ஒரு செங்கல்லை உருவினால் சுவர் நிற்குமா? மேலும் அந்தக் கிடங்கில் ஒருமுறைகூட வாயு கசிந்ததில்லை. நடக்காத ஒன்றுக்காக நடந்துவிட்ட ஒன்றைக் கெடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

சுவரில் எழுத்து வந்தது. நன்றாகவே வந்தது. மழைக்குக்கூடக் கரையாத பெயின்ட்.

இன்ஜினியர் அம்மா தன் பிரிவு ஆட்களை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, வாய்ப் பக்கம் ஓடுங்கள் என்று சொல்லிக்கொடுப்பதாகக் காதில் விழுந்தது. இது எனக்கு உண்மையிலேயே கவலை கொடுத்தது. ஆபத்து நேரத்தில் ஒரே இடத்தில் இரண்டு விடை இருப்பதைப்போல ஆபத்து வேறில்லை. எந்தப் பாதுகாப்பு அலுவலரும் இதைத்தான் சொல்வார். மேலாளரிடம் போய் எடுத்துச் சொன்னேன். அவர் அந்த அம்மாவை அழைத்து, "உங்க படிப்பெல்லாம் சரி மேடம், ஆனா கேள்வி சார் வேலையில தலையிடாதீங்க" என்றார். என் முன்னாலேயே வருத்தம் தெரிவிக்கவும் சொன்னார். அந்த அம்மா தெரிவித்தார். நான் பெருந்தன்மையாக ஏற்றுக்கொண்டேன், ஒரு டீகூடச் சொன்னேன். அவர் குடிக்கவில்லை.

அப்புறம்தான் அந்தக் காலை வந்தது. ஷிப்ட் ஆரம்பித்து, ஆட்கள் முற்றத்தில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். முற்றத்தின் ஒரு பக்கவாட்டில் எந்திர அறை. அதற்குள் ஒரு வால்வு விட்டுக்கொண்டது. சீறல் சத்தம், பிறகு சைரன். நான் முற்றத்தின் ஓரத்தில் நின்றிருந்தேன், எல்லாவற்றையும் என் கண்ணால் பார்த்தேன்.

ஐயா, அதுவரை எந்தச் சொற்பொழிவும் சாதிக்காததை அன்று பார்த்தேன். ஒருத்தரும் அலறவில்லை. தள்ளுமுள்ளு இல்லை. அத்தனை பேரும் ஒரே நேரத்தில் தலையை நிமிர்த்தித் துணிமீனைப் பார்த்தார்கள். பிறகு, "வால் போற பக்கம், வால் போற பக்கம்" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டே பின்பக்கத்துக்கு ஓடினார்கள். தள்ளாடின ஒரு பெரியவரை இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு ஓடினார்கள். பாடம் மனதில் பதிவது என்றால் அதுதான். பின்பக்கம் மதில் இருக்கிறது, வெளியே வழியில்லை. அதைச் சுவர் கட்டியவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

மராமத்து ஆட்கள் மட்டும் எதிர்ப்பக்கம், வாசல் கேட்டை நோக்கி ஓடினார்கள். கட்டுப்பாடு இல்லாதவர்கள். அவர்களில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இன்ஜினியர் அம்மா அவர்களோடு போகவில்லை. எந்திர அறையின் மூலையில் நின்றுகொண்டு, "இந்தப் பக்கம் வாங்க, இந்தப் பக்கம்" என்று கையை ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தார். சிலர் திரும்பிப் பார்த்தார்கள். தோற்றுப்போன அம்மா என்பது அவர்களுக்கு அப்போதும் நினைவிருந்ததோ என்னவோ, யாரும் வரவில்லை. வாயுவைக் குடித்ததில் அவருக்குக் குரல் போய்விட்டது என்றும், உங்களிடம் எழுதித்தான் காட்டினார் என்றும் கேள்விப்பட்டேன். வருத்தமாக இருந்தது.

நான் வாசல் பக்கம் நடந்தேன். ஓடவில்லை. அலுவலர் ஓடினால் ஆட்கள் பதறிவிடுவார்கள்.

கேட்டில் இருக்கும் கேமராவில் நான் திரும்பி நின்று கையை உயர்த்துவது தெரிகிறது என்றீர்கள். முகம் தெரியவில்லை, முதுகும் கையும்தான் தெரிகிறது என்றீர்கள். மச்சினனை என் பக்கம் வரச்சொல்லிக் கூப்பிட்டேன் என்று முதல் நாள் சொன்னேன். நீங்களும் நம்பினீர்கள். என் மனைவியும் அப்படித்தான் நம்புகிறாள். துக்கம் கேட்க வருகிற ஒவ்வொருவரிடமும் என் வலது கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டுகிறாள். "இந்தக் கை கூப்பிட்டுச்சே, அந்தப் பாவிக்கு வரத் தோணலையே" என்று அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு அழுகிறாள். நான் கையை இழுத்துக்கொள்வதில்லை. அவளுக்கு ஆறுதலாக இருக்கிறது.

இந்த அளவோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் நேற்று என் வக்கீல் வந்து உங்கள் விசாரணை அறிக்கை எப்படிப் போகும் என்று சொன்னார். சந்தோஷமாகத்தான் சொன்னார். "ஒண்ணும் பயப்படாதீங்க. உங்களுக்கே எந்தப் பக்கம்னு தெரியாதுன்னு எழுதப் போறாங்க. பயிற்சி சரியில்ல, நீங்க பதட்டத்துல குருட்டாம்போக்கா கேட் பக்கம் போயிட்டீங்க, அவ்வளவுதான். வேலை போகும், ஜெயில் இல்ல. 'எனக்குத் தெரியாது'ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வாயை மூடிக்கிட்டு இருங்க."

எனக்கு அதற்குப் பிறகு சாப்பாடு இறங்கவில்லை. பதட்டத்தில் குருட்டாம்போக்காக. என்னைப் பார்த்து. ஊரே கேள்வி சார் என்று கூப்பிடுகிற ஆளை, இரண்டே பக்கம் உள்ள ஒரு கேள்விக்கு விடை தெரியாதவன் என்று அச்சடித்து, முத்திரை குத்தி, வைத்துவிடுவீர்கள். நாளைக்கு யார் வேண்டுமானாலும் அதைப் படிக்கலாம். அந்த அம்மா படிக்கலாம். அதனால்தான் நானே உங்களைத் தேடி வந்தேன்.

நடந்தது இதுதான். மச்சினன் எல்லோருக்கும் கடைசியாகப் போய்க்கொண்டிருந்தான், ஏழெட்டுப் பேரை முன்னால் தள்ளிவிட்டுக்கொண்டு. முற்றத்தின் நடுவே திரும்பிப் பார்த்தான். நான் எதிர்ப்பக்கம் போவதைப் பார்த்துவிட்டான். பயத்தில் எனக்குத் திசை தப்பிவிட்டது என்று நினைத்திருக்கிறான், பாவம். "மாமா, அங்க இல்ல. இங்க வாங்க மாமா, வால் பக்கம்" என்று கத்திக்கொண்டே என்னை இழுத்துப்போக என் பக்கமாக ஓடி வந்தான். முன்னால் போனவர்களும் அவனைப் பார்த்துவிட்டு நின்று திரும்பினார்கள். வாயு இன்னும் முற்றத்தை மூடவில்லை. இன்னும் கொஞ்சம் வந்திருந்தால் அவன் என் பக்கத்தில் நின்றிருப்பான். அவன் பின்னாலேயே மற்றவர்களும் வந்திருப்பார்கள். எல்லோரும் கேட் அருகே உயிரோடு நின்றுகொண்டு என்னைப் பார்த்திருப்பார்கள்.

நான் கையை உயர்த்தினேன். கூப்பிடவில்லை. உள்ளங்கையை அவன் பக்கம் காட்டி, போ, போ என்று தள்ளினேன். அவன் ஒரு விநாடி நின்றான். நான் சொல்லி அவன் எதையும் மீறியதில்லை. தலையை ஆட்டிவிட்டுத் திரும்பி ஓடினான்; நின்றவர்களும் அவனோடு ஓடினார்கள்.

இதற்கு என்ன தண்டனை உண்டோ அதைக் கொடுங்கள், நான் வாதாட மாட்டேன். கொன்றேன் என்று எழுத வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். தெரியாது என்று மட்டும் எழுதாதீர்கள், ஐயா. விடை எனக்குத் தெரியும்.